வாத்துக் கொழுப்பு தடவிய தட்டு

வைட்ஃபீல்டிலிருந்து வந்த மெட்ரோவில் எனக்கு எதிரே அக்காவும் தங்கையுமாக இருவர். நிலையங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். நான்காவதில் எண்ணிக்கை நின்றுபோனது.

"சைவக்காரங்களுக்கு வாத்துக் கொழுப்பாக்கா!"

"மெல்லப் பேசுடி. கிறிஸ்துமஸுக்கு வாத்து ரோஸ்டுக்குள்ள அடைச்சு வைப்போமே ரொட்டி ஸ்டஃபிங், அதையே சம்பந்தியம்மாவுக்காக ஈரல், முட்டை இல்லாம, காளானும் சீஸும் போட்டு, தட்டுல பரப்பி ஓவன்ல பேக் பண்ணேன். சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து எல்லாரும் சாப்பிடலாம்னு."

"அப்புறம்?"

"தட்டுக்கு எதாவது தடவணுமே. முப்பது வருஷப் பழக்கம், கை தானா வாத்துக் கொழுப்பு டப்பாவுக்குப் போயிடுச்சு. தட்டைக் கழுவும்போதுதான் வாசனை வந்துச்சு."

"அவங்க சாப்பிட்டாங்களா?"

"மூணு துண்டு. பையனுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழிச்சு இப்பதான் நம்ம வீட்ல கை நனைச்சிருக்காங்க."

"ஐயோ இயேசுவே! சொல்லிடுக்கா."

"சொன்னா இனிமே வாசப்படி மிதிப்பாங்களா? மருமகதான் பாவம்."

கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் அக்காவின் முகம் வெளிறியது.

"சொல்லுங்க சம்பந்தியம்மா... செய்முறையா? அனுப்புறேன்... தட்டுல என்ன தடவினேனா?" தங்கையைப் பார்த்தாள். "நெய்தாங்க."

நான் இறங்கவேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையங்கள் போயிருந்தன.