படகுக்கு வாடகை

எழுபதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்வார்கேட்டிலிருந்து கடக்வாஸ்லா ஏரிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரு பெண் தன் கணவரிடம் தமிழில் சொன்னார்.

“படகு நிறுத்தி வைக்கக் குடுக்கிற வாடகை நம்ம வீட்டு வாடகையைவிட அதிகங்க.”

பூனாவில் சொந்தப் படகா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

“வருஷா வருஷம் தார் வேற பூசணும்,” என்றார் கணவர். “அதான் வித்துடலாம்னு இன்னிக்கு ஆளை வரச் சொல்லியிருக்கேனே.”

“வாரா வாரம் அங்க போயி என்னதான் செய்றீங்க?”

“நடு ஏரியில துடுப்பை உள்ள எடுத்து வச்சிட்டு உக்காந்திருப்பேன். ஃபேக்டரியில மிஷின் சத்தம் கேட்டுக் கேட்டு, காதுல எப்பவும் ஒரு இரைச்சல். தண்ணி சலசலக்கிறப்போதான் அது தெரியாது.”

“வீட்லயுமா கேக்குது?”

“படுத்தா இன்னும் ஜாஸ்தி.”

“எங்கிட்ட சொன்னதே இல்லியே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏரி தெரிய ஆரம்பித்ததும் அந்த அம்மாள் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

“வாங்க வர்றவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க. அப்புறம் என்னையும் படகுல கூட்டிட்டுப் போங்க. எனக்கு நீச்சல் தெரியாது, மெதுவா ஓட்டுங்க.”