அரை மணி நேர மலை

நோரீன் – மறுபடியும் லேஸா?

வில்ஃப் – அவுந்துடுச்சு.

நோரீன் – இப்பத்தானே சர்ச் வாசல்ல உக்காந்து கட்டுன.

வில்ஃப் – அது இடது கால். இது வலது.

நோரீன் – கட்டு, கட்டு. ரெட்டை முடிச்சாப் போடு. அரை மணி நேரத்துல ஏறுற மலை இது. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னா சின்னப் பிள்ளைங்க ஓடியே ஏறிடும். நாம கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் பாதி தாண்டல.

வில்ஃப் – டாக்டர் மெதுவா நடன்னு சொன்னாரு.

நோரீன் – நடன்னுதான் சொன்னாரு. நில்லுன்னு சொல்லல.

வில்ஃப் – நின்னு பாக்கத்தானே வர்றோம்... அங்க பாரு, ஏரியில ஸ்டீமர் திரும்புது.

நோரீன் – நமக்குக் கல்யாணம் ஆன நாள்லேருந்து அது அங்கதான் திரும்புது, வில்ஃப்.

வில்ஃப் – இனிமே பாக்க முடியாதுல்ல... சும்மா சொன்னேன். வா, நடப்போம்.

நோரீன் – இல்ல, நில்லு. இதை மட்டும் கேட்டுக்க. நான் ஒன்னைக் கட்டாயப்படுத்தல. மார்ச்ல ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒயரோட படுத்துக்கிட்டு நீயாத்தான் சொன்ன. நம்ம ஏரி நாட்டு மலைங்கள்ல ஹாலின் ஒண்ணுதான் பாக்கி, அதையும் ரெண்டு பேரும் ஏறி முடிச்சிட்டா நார்ஃபோக்குக்கு, ஜூடித் வீட்டுக்கே வந்துடுறேன்னு. அந்த நர்ஸ் பொண்ணு சாட்சி.

வில்ஃப் – சொன்னேன். நான் இல்லைன்னா சொன்னேன்?

நோரீன் – பாவம், அவ வீட்டுக்குப் பின்னாடி நமக்குன்னு ஒரு ரூமே கட்டி, பெயின்ட்டும் அடிச்சிட்டா. இங்க நம்ம வீட்டை வாங்குறதுக்குப் பாத்துட்டுப் போனவங்களும் இன்னைக்குள்ள பதில் கேக்குறாங்க. மேல போனாத்தான் போன்ல சிக்னல் எடுக்கும். உச்சிக் கல்லைத் தொட்ட கையோட ஜூடித்துக்கு ஒரு போன். மத்ததை அவ பாத்துக்குவா.

வில்ஃப் – பெத்த பொண்ணு. நம்ம நல்லதுக்குத்தான்.

நோரீன் – அப்புறம் ஏன் மூஞ்சியை அப்படி வச்சிருக்க?

வில்ஃப் – என் மூஞ்சியே இதுதான். நீ பாத்துத்தானே கட்டிக்கிட்ட... ஏன் நோரீன், நார்ஃபோக்ல எத்தனை மலை இருக்கு?

நோரீன் – ஆரம்பிக்காத.

வில்ஃப் – தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

நோரீன் – அவ வீட்டுப் பக்கத்துல ஒரு மேடு இருக்காம். மேல நின்னா கடல் தெரியுமாம்.

வில்ஃப் – அதை நான் பாத்தேன். பழைய குப்பையைக் கொட்டி மேல புல்லு போட்டு வச்சிருக்காங்க.

நோரீன் – குப்பையோ என்னவோ, ஒனக்கு மூச்சு வாங்காது. எனக்கு அதுதான் வேணும்.

வில்ஃப் – மூச்சு வாங்காம என்னத்தை நடக்குறது...

நோரீன் – ஷ், ஆள் வருது... குட் மார்னிங். ஆமாங்க, நல்ல வெயில். நேத்து ராத்திரி பேஞ்ச பேய் மழைக்கு... சரிங்க, பாத்து எறங்குங்க. கல்லு வழுக்குது.

வில்ஃப் – பாத்தியா? முன்னப் பின்ன தெரியாதவர். ஜூடித் தெருவுல ஒருத்தருக்கு நான் இப்படித்தான் குட் மார்னிங் சொன்னேன். அந்த ஆளு பாக்கெட்டுல கையை விட்டு பர்ஸ் இருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டான்.

நோரீன் – ஒன் தொப்பியைப் பாத்தா யாரா இருந்தாலும் தடவிப் பாப்பாங்க.

வில்ஃப் – சரி, உக்காரு. ஒரு துண்டு கேக் சாப்பிடலாம்.

நோரீன் – கேக் மேல போய்த்தான்.

வில்ஃப் – கொஞ்சமா... நம்ம ஊரு வழக்கப்படி சீஸ் வச்சுத்தானே கட்டுன? அந்த ஊர்ல கேக்கை வெறும் கேக்காத் தின்னுறாங்க, தெரியுமா? போன கிறிஸ்துமஸுக்கு நான் சீஸ் கேட்டேன்னு மாப்பிள்ளை என்னைப் பாத்த பார்வை இருக்கே...

நோரீன் – பேச்சை மாத்தாத. நட.

வில்ஃப் – நோரீன்.

நோரீன் – என்ன இப்போ? மூக்குல வேர்வையா?

வில்ஃப் – இல்ல, நிஜமா. குட்டி ஒண்ணு கத்துது. ஒரே எடத்துல நின்னு கத்துது, கேளு.

நோரீன் – ...ஆமா. அந்தப் புதருக்கு அந்தப் பக்கம். அய்யோ, தாய் மல்லாந்து கெடக்கு வில்ஃப். நாலு காலும் மேல.

வில்ஃப் – இன்னும் ரோமம் வெட்டல. ராத்திரி மழையில ஊறிக் கனத்துப் போச்சு. உருண்டு விழுந்திருக்கும், எந்திரிக்க முடியல.

நோரீன் – காக்கா வேற வந்து உக்காந்திருக்கு. கண்ணைக் கொத்திடும். சூ, போ. போ அந்தப் பக்கம்.

வில்ஃப் – பையைக் கீழ போடு. நீ பின்பக்கம் வா.

நோரீன் – நீ தூக்காத. கனம் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

வில்ஃப் – யாரு தூக்குறா? உருட்டத்தான் போறேன். தோளுக்கு அடியில கையைக் குடு. நான் சொன்னதும் இழு... ம், இப்போ.

நோரீன் – வந்துடுச்சு. வந்துடுச்சு. விட்டுடாத, மறுபடி சாஞ்சிடும்.

வில்ஃப் – எனக்குத் தெரியாதா? முட்டியை அண்டக் குடுத்து நில்லு. காலெல்லாம் மரத்துப் போயிருக்கும். ரத்தம் ஓடுற வரைக்கும் நாமதான் சுவரு.

நோரீன் – எப்படி நடுங்குது பாரு... ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணும் இல்ல. ஒன் குட்டி இங்கதான் நிக்குது. யாரு வீட்டு ஆடு?

வில்ஃப் – இடுப்புல செவப்புக் கோடு. டைசன் வீட்டு அடையாளம். போகும்போது சொல்லிட்டுப் போகலாம்.

நோரீன் – ஒனக்கு வலிக்குதா?

வில்ஃப் – இல்ல.

நோரீன் – நெஞ்சு?

வில்ஃப் – நல்லா இருக்கு. ஈர ஆட்டு நாத்தம் தவிர ஒரு கொறையும் இல்ல.

நோரீன் – பொய் சொன்னா ஒன்னையும் இதோட சேத்து இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்.

வில்ஃப் – விட்டுட்டுப் போ. டைசன் வந்து எனக்கும் ஒரு செவப்புக் கோடு போட்டுக்குவான்... நீ இதே மாதிரி ஒண்ணைப் பிடிச்சிருக்க, இல்ல? தனியா.

நோரீன் – ம். ப்ரான்ஸ்ட்ரீ மலையில. ஜூடித் கல்யாணம் முடிஞ்ச வருஷம்.

வில்ஃப் – நான் பிடிக்கிறேன், நீ மேல போய் உச்சிக் கல்லைத் தொட்டுட்டு வான்னு என்னை அனுப்பிட்ட.

நோரீன் – பனிமூட்டம் எறங்கி மழையும் பேஞ்சுதே. ஒருத்தராவது தொடட்டும்னு அனுப்புனேன். ஆனா போன ஆளு போனதுதான். ஆடு எந்திரிச்சு, நான் மேல போய்த் தொட்டு, எறங்கி கீழ வேலி கேட் பக்கத்துல வந்து நின்னா, இந்த ஆளு அதுக்கும் அப்புறம் பனிக்குள்ளேருந்து சொட்டச் சொட்ட நனைஞ்சு வர்றாரு. வேலியைப் பிடிச்சுக்கிட்டே நடந்தா உச்சி வந்துடும், அதுல போய் வழி தவறுன ஒரே ஆளு நீதான்.

வில்ஃப் – ஆமா, ஆமா.

நோரீன் – ஜூடித் பிள்ளைங்க கூட அதைச் சொல்லித்தானே ஒன்னைக் கிண்டல் பண்ணுதுங்க. ஊருக்கெல்லாம் பஸ் ஓட்டுன தாத்தா, மலையில வழி தெரியாத தாத்தான்னு.

வில்ஃப் – பண்ணட்டும்... நீ மேல போய்த் தொட்டப்போ பனி எப்படி இருந்துச்சு?

நோரீன் – என்ன?

வில்ஃப் – இல்ல, கல்லு தெரிஞ்சுச்சான்னு கேட்டேன்.

நோரீன் – தெரிஞ்சுச்சு... கொஞ்சம். அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு? அசையாமப் பிடி.

வில்ஃப் – பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். ஏய்... ஏய், காலை ஊணுது. தானா நிக்கப் பாக்குது.

நோரீன் – அய்ய, என் பூட்ஸ் மேலயே போயிடுச்சு.

வில்ஃப் – நல்ல சகுனம். மூத்திரம் போனா பொழைச்சுக்கும். மெதுவா விடு. மெதுவா...

நோரீன் – நிக்குது.

வில்ஃப் – நடக்குது. பாரு, குட்டி ஓடிவந்து பால் முட்டுது. மெதுவாடா, மெதுவா, ஒங்கம்மாவைத் திரும்பத் தள்ளி விட்டுடாத... ஒரு நன்றி சொன்னாளா பாரு, திரும்பிக் கூடப் பாக்காம போறா. ஜூடித் கல்யாணத்தன்னைக்குக் கார்ல ஏறுனாளே, அதே மாதிரி.

நோரீன் – வில்ஃப்.

வில்ஃப் – என்ன?

நோரீன் – நீ சிரிச்ச.

வில்ஃப் – அதுக்கென்ன?

நோரீன் – மார்ச்லேருந்து ஒரு தடவை கூட நீ சிரிச்சு நான் பாக்கல.

வில்ஃப் – டிவியில ஒண்ணும் நல்லதா வரல, அதான்... சரி, பையை எடு. போகலாம்.

நோரீன் – கொஞ்ச நேரம் உக்காரு.

வில்ஃப் – எதுக்கு? இதோ மேலதான். தள்ளிப் போட்டு என்ன ஆகப் போவுது? காலையிலேருந்து நான்தான் லேஸு, ஸ்டீமருன்னு நாடகம் ஆடிட்டு வர்றேன். ஒனக்குத் தெரியாமலா இருக்கும்? போதும். சொன்னா சொன்னதுதான். வா.

நோரீன் – எனக்குக் கால் மரத்துப் போச்சு.

வில்ஃப் – நடந்தா சரியாயிடும்.

நோரீன் – கேக் கேட்டியே...

வில்ஃப் – மேல போய்த்தான்னு நீதானே சொன்ன. கையைக் குடு. இந்தக் கல்லுல கால் வை... ம். அங்க பாரு, உச்சியில கல்லுத் தூண் தெரியுது.

நோரீன் – இவ்வளவு வேகமா நடக்காத.

வில்ஃப் – இப்போ யாரு நிக்கிறது?

நோரீன் – லேஸ் அவுந்துடுச்சு.

வில்ஃப் – ஒன் பூட்ஸுல ஜிப்புதானே இருக்கு, நோரீன். வா... வந்தாச்சு. நல்ல காத்து... யாரோ எவ்வளவு பொறுமையா அடுக்கிக் கட்டியிருக்காங்க, பாரு. ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கும். சரி. நான் தொட்டுட்டேன். ஒன் கையையும் வை.

நோரீன் – ம்.

வில்ஃப் – வை. ரெண்டு பேரும் தொட்டாத்தான் ஏறுனதாக் கணக்குன்னு சட்டம் போட்டதே நீதான்.

நோரீன் – நான் போட்டதுதான்.

வில்ஃப் – அப்புறம் என்ன? போனை எடு. சிக்னல் எடுக்குது பாரு இங்க. ஜூடித் காத்துக்கிட்டு இருப்பா. வாங்க வந்தவங்களுக்குச் சரின்னு சொல்லிடச் சொல்லு... ஏன் நோரீன், போனை ஏன் உள்ள வைக்கிற?

நோரீன் – கல்லைத் தொடுறேன். இதோ, தொட்டுட்டேன். ஆனா அவகிட்ட எல்லாம் முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது.

வில்ஃப் – ஏன்?

நோரீன் – எனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. ப்ரான்ஸ்ட்ரீ. நான் மேல ஏறவே இல்ல, வில்ஃப். அந்த ஆடு எந்திரிக்கவே அவ்வளவு நேரம் ஆயிடுச்சு. நான் நனைஞ்சு, கை வெறைச்சு, பல்லு தந்தி அடிக்குது. ஒன்னையும் காணோம். நேரா கீழ கேட் பக்கத்துக்கு எறங்கி வந்து நின்னேன். நீ வந்ததும் வராததுமா தொட்டியான்னு கேட்ட. இல்லைன்னு சொன்னா அந்த மழையிலயே திரும்ப ஏத்தியிருப்ப. தொட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் நீ வழி தவறுன கதை பெருசாயிடுச்சா... அதுலயே என் கதை மறைஞ்சு போச்சு.

வில்ஃப் – டீயை ஊத்து.

நோரீன் – கோவமா?

வில்ஃப் – இல்ல. ஊத்து. ரெண்டு கப்புலயும்.

நோரீன் – ஏதாவது சொல்லு, வில்ஃப். திட்டவாவது செய்.

வில்ஃப் – நான் வழி தவறல, நோரீன்.

நோரீன் – என்னது?

வில்ஃப் – வேலியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனேன். எந்தக் கழுதைக்கும் வழி தெரியும் அங்க. கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து இதே ஃப்ளாஸ்க்லேருந்து ரெண்டு கப்புல டீ ஊத்தி வச்சேன். நீ வருவேன்னு. ஒன் கப்பு ஆறிப்போச்சு. அதுக்குள்ள மழைத் தண்ணி நெறைஞ்சு வழிஞ்சுது. அதையும் நானே குடிச்சிட்டு எறங்குனேன். கடைசி வரைக்கும் ஒருத்தரும் மேல வரல. கீழ வந்தா நீ தொட்டேன்னு சொன்ன, அதான் நான் வழி தவறிட்டேன்னு சொல்லிட்டேன்.

நோரீன் – ஒனக்குத் தெரியும்... அப்பவே ஒனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைங்க கிண்டலையெல்லாம் தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு இருந்தியா? ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு இருந்தப்போ கூட ஒண்ணும் தெரியாத மாதிரி... சரி, அது போகட்டும். ஆஸ்பத்திரியிலயாவது சொல்லியிருக்கலாமே. ஹாலின் கடைசி இல்ல, ஒனக்கு ப்ரான்ஸ்ட்ரீ பாக்கி இருக்கு, நாம எங்கயும் போகலைன்னு ஒரு வார்த்தை. நானும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்திருப்பேன் போல. ஏன் சொல்லல?

வில்ஃப் – சொல்லத்தான் வாயெடுத்தேன். கண்ணைத் தொறந்ததும் முதல்ல அதுதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம் ஒன் மொகத்தைப் பாத்தேன், நோரீன். அவ்வளவு பயந்து போயிருந்த. அந்த மொகத்தைப் பாத்துட்டு இன்னும் ஒரு மலை இருக்குன்னு எப்படிச் சொல்றது? அதான் நீ அன்னைக்கு மேல வந்துட்டதாவே வச்சுக்கிட்டேன்.