பின்னால திரும்பற வண்டி

இல்லீங்ணா, உக்கார வேண்டாம். நின்னுக்கறேன். டெஸ்டு எடுக்கற சாரு டீக்குப் போயிருக்கறாருங்களா? செரி செரி, வரட்டும்.

ஆமாங்க, பாரம் தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டற டெஸ்டுக்கு வந்த வசந்தாமணி நாந்தான். கேட்டுல வாச்மேன் கூட மூட்டை தைக்கற வேலைக்கான்னுதான் கேட்டாரு. எருமப்பட்டீல இருந்து பஸ்ஸு மாறி மாறி இந்தப் புதுச்சத்திரத்துக்கு மூட்டை தைக்கவா வாரேன்? சேலத்துல போயிப் பழகி லைசன்ஸே வெச்சிருக்கறனுங்க. இன்னைக்குப் பாஸாய்ட்டா திங்கக்கெழமையே வேலைன்னு சொல்லீருக்கறாங்க. இல்லீன்னா மறுக்கா கோழிப்பண்ணைல முட்டை எடுக்கறதுதான்.

ஊட்டுக்காரருங்களா? அவரு... ஏனுங்ணா, அந்த மஞ்ச வண்டியா எனக்கு? பேட்டரி வண்டிதானுங்க? அதான பாத்தேன். தீவனக் குடோனுக்குள்ள டீசல் வண்டிய உட்டா பொகை பூரா மூட்டைல ஏறிக்குமே. டீசல் வெளிய லாரியில இருந்து எறக்கறதுக்குத்தான் லாயக்கு. ரண்டுமே தராசாட்டத்தான், முன்னால பாரம், பின்னால இரும்புக்கட்டி. ஆசைப்பட்டு ரண்டு மூட்டை சேத்து ஏத்துனா பின்சக்கரம் அந்தரத்துல நிக்கும்.

அக்கட்டால ரேக்குச் சந்துல நிக்குதே, அது ரீச் ட்ரக்குங்களா? அதுதான் எனக்கு நெம்பப் புடிக்கும். எத்தனை குறுகுன சந்துன்னாலும் பூந்துக்கும். அட்டாலில இருக்கற அண்டாவ எக்கி எடுக்கற மாதிரி கைய நீட்டி மேத்தட்டுல இருந்து எடுத்துக் குடுத்துரும். மூட்டை அடுக்கற ஸ்டேக்கரு வண்டி அத்தனை ஒசரம் போவாது. இந்தக் கையில இழுக்கற பேலட் வண்டிக்கு லைசன்ஸே வேண்டாம், இடுப்பு இருந்தாப் போதும்.

வாய் ஓயாமப் பேசறாளேன்னு நெனைக்காதீங்ணா.

ஊட்டுலயா? மாமியா பொன்னாத்தா நேத்துல இருந்து சோறு திங்காம மொகத்தத் திருப்பீட்டு உக்காந்திருக்குது. உனக்கு வேற வண்டியே கெடைக்கலியாடீங்குது. ஸ்கூட்டி ஓட்டு, ஆட்டோ கூட ஓட்டு, இது மட்டும் வேண்டாங்குது. அதும் பேச்சும் ஞாயந்தானுங்க, பெத்த வயிறு. எனக்கு மட்டும் பயமில்லியா? எம்புள்ள கனிஷ்காதான் காலைல என் தலைல பூ வெச்சு உட்டுட்டு, நீ போய் ஓட்டும்மான்னா. அந்த ஒரு சொல்லுலதான் பஸ்ஸு ஏறுனேன்.

அதா, சாரு வாராரு.

பாரம் தூக்குனா முன்னால ஒண்ணும் தெரியாது, ரிவர்ஸ்லயே வரச் சொல்லுவாரு. பின்னால நின்னு நீங்கதான சொல்லப்போறீங்க? ஏனுங்ணா, நீங்களும் லாரி வேலைல இருந்து வந்தவருதானுங்களா? கேட்டுல லாரிக்கு ரிவர்ஸ் பாத்துட்டு இருந்தீங்களே, அதான் கேட்டேன்.

ஒரே ஒரு ஒதவிங்ணா. ரைட்டுன்னு மட்டும் சொல்லீராதீங்க. வரட்டும்னு சொல்லுங்க, இல்ல கையக் காட்டுங்க. தெரியுமுங்க, நம்மூர்ல ரைட்டுன்னா போலாம்னுதான் அர்த்தம், கண்டக்டரும் அதான் சொல்றாரு. எங்கூட்டுக்காரரும் லாரில இருந்து வந்தவருதான். சேலத்துக் குடோன்ல பின்னால நின்னு ரைட்டு ரைட்டுன்னிருக்காரு. இதே மாதிரி வண்டிய ஓட்டுன ஒடிசாப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? ஸ்டீரிங்க வலது பக்கம் ஒடிச்சுட்டான். இது பின்சக்கரத்துல திரும்பற வண்டியில்லீங்களா, அந்த இரும்புக்கட்டி அப்படியே வீசீட்டு வந்து அவர ரேக்கோட சேத்து...

அந்தப் பையன் மேல தப்பில்லீங்ணா. எழவுக்கு வந்து அவந்தான் எல்லாருக்கும் மேல அழுதான்.

இதா வாரேனுங்க சார்.

ரேக்குப் பக்கம் நிக்காதீங்ணா. இக்கட்டால வாங்க, எனக்குத் தெரியற மாதிரி நில்லுங்க.