கேட்டாண்ட என்ஜின் ஆஃப்

...இன்னா ரூலு தங்கச்சி இது? அரை மணி நேரமா என்ஜின ஆஃப் பண்ணிட்டு வெயில்ல நிக்கிறோம். கேபினு அடுப்பு மாரி கீது, ஃபேனு கூட சுத்தல. நீ சிரிக்கிற. சிரி, சிரி. எண்ணூர் ரோட்டுல இந்த கன்டெய்னர் யார்டுக்கு நீ கிளார்க்கா வந்து ஒரு வாரம்தான ஆவுது? ஜன்னலுக்கு உள்ள குந்திகினு சீல் குத்துற உனுக்கு லாரிக்காரன் பேஜாரு எங்க தெரியப்போவுது.

போன மாசம் ஒரு டாக்டரம்மா வந்துச்சு. வேலை செய்ற எடத்துல கேன்சர் வராம இருக்க மொதல்ல எத மாத்தணும், எழுதிக் குடுங்கன்னுச்சு. நம்மாளுங்க இன்னா எழுதுனானுங்கன்ற? கேன்டீன் சாம்பார். கக்கூஸ் கதவு. வேலப்பன் மாமா புது ஷூ கேட்டாரு, அதும் பிரவுன் கலர்ல. அந்தம்மா பொறுமையா எல்லாத்தியும் படிச்சிட்டு, போர்டுல வெல்டிங் பொகை, பெயிண்ட் தின்னர், டீசல் பொகைன்னு மூணு எழுதுச்சு. இதுல எத நெறைய பேரு தெனமும் மூச்சுல இஸ்துகினு கீறீங்க, எத நாளைக்கே நிறுத்த முடியும்னு கேட்டுச்சு.

ஒருத்தன் எழுந்து, டீசல் பொகைதான் மொதல்ல, கேட்டாண்ட க்யூவுல எவனும் என்ஜின ஓடவுடக் கூடாதுன்னான். டிரைவருங்க அவன அடிக்காத கொறைதான்.

யாரா? நான்தான், இந்த மொஹ்சின்தான். வாய வச்சிகினு சும்மா இல்லாம...

இன்னா பண்ண சொல்ற? உனுக்கு முன்ன இதே சேர்ல திலீப் இருந்தான், என் தோஸ்து. பீடி, சிகரெட்டு தொட மாட்டான். அவனுக்கு நுரையீரல்ல கேன்சரு. இதனாலதான்னு டாக்டரால அடிச்சு சொல்ல முடியல, டீசல் பொகையும் காரணமா இருக்கலாம்னாரு. பதினோரு வருசம் இந்த ஜன்னலாண்ட வண்டிய நிறுத்தி, என்ஜின ஓடவுட்டு, அவன்கூட கத பேசிகினு நின்னது யாரு? நான்தான. ஆஸ்பத்திரில அத அவனாண்ட சொல்லிட்டேன். "வுடு மாமு, உன் பேச்சுக்கு பொகை எவ்ளோவோ தேவல"ன்னு சிரிச்சான். அதான் அந்த டாக்டரம்மா கேட்டப்ப எழுந்து சொல்லிட்டேன்.

அவன் இன்னும் ட்ரீட்மென்ட்லதான் கீறான். ஞாயித்துக்கெழம போயி பாக்கணும்.

சரி, முன்னாடி வண்டி நகந்துச்சு. கையால தள்ள முடியாது, ஸ்டார்ட் பண்ணித்தான் ஆவணும். நான் தாண்டிப் போற வரைக்கும் அந்த ஜன்னல சாத்திக்க தங்கச்சி. நல்லா சாத்து.