வெளியூர்க்காரர் பிடிக்கும் கொடி

மாலை ஐந்து பத்து. நவம்பர் மாதத்து ஞாயிறு. பள்ளிகொண்டா வருவதற்குக் கொஞ்சம் முன்னால், நெடுஞ்சாலையை விட்டுப் பாலாற்றுப் பக்கம் இறங்கும் மண் சாலை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். ஒரு வீடு கிடையாது. டீக்கடை கூடக் கிடையாது. அதில் ஒரே ஒரு மொபெட் போகிறது... டக டக டக.

மொபெட்டில் இருப்பவர் இருதயராஜ். நம் சுந்தரியின் பெரியம்மா மகள் மெர்சி ஆம்பூரில் இருக்கிறாளே, அவளுடைய வீட்டுக்காரர். சுந்தரிதான் எனக்குச் சொன்னாள். அவள் எதையும் ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டிச் சொல்பவள்தான், எனக்குத் தெரியாதா? ஆனால் இதைச் சொல்லும்போது கூட்டவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள்.

இருதயராஜுக்கு ஷூ கம்பெனியில் தோல் செக்கிங் வேலை. இருபத்தாறு வருடம். மேஜையில் தோலைப் படக்கென்று விரிப்பார், விரலால் தடவுவார், குறை இருந்தால் சில்வர் மைப் பேனாவால் வட்டம் போடுவார். தேறாது என்றால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. நொட்டாங்கைக்காரர், எழுதுவதெல்லாம் இடது கையில்தான், அதனால் அவருக்கென்று மேஜையையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பேனா ஞாயிற்றுக்கிழமை கூடச் சட்டைப் பையில் இருக்கும். மாமியார் வீட்டு விருந்தில் ஆப்பத்தில் கருகின இடத்துக்கு வட்டம் போடப் போனவர் என்று மெர்சி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அவருக்கு ஒரு பைத்தியம். மற்றவர்கள் வேளாங்கண்ணி போவார்கள். இவர் ஃபுட்பால் கிரவுண்டு கிரவுண்டாகப் போவார். பெரிய ஸ்டேடியம் எல்லாம் இல்லை. ஜோலார்பேட்டையில் தண்டவாளத்து ஓரம், ஏரிக்குள்ளே, ஸ்கூலுக்குப் பின்னால், ஆடு மேய்கிற இடம்... எங்கே லோக்கல் லீக் நடந்தாலும் ஆஜர். ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. கிரவுண்டு பெயர், ஸ்கோர், டீ எப்படி இருந்தது, எல்லாம் எழுதுவார். அதற்கு ஒரு சட்டமும் உண்டு. முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை முழு மேட்ச் பார்த்தால்தான் அந்தக் கிரவுண்டு கணக்கில் சேரும். பாதியில் எழுந்து வந்தால் சேராது. யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள், அவரே போட்டதுதான்.

அன்றைக்குத் தொண்ணூற்று ஒன்பதில் நின்றுகொண்டிருந்தார்.

மெர்சி பைபிளை நீட்டிச் சத்தியம் வாங்கியிருந்தாள். அடுத்த ஞாயிறு திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம், தொடங்குகிறது. அதற்கப்புறம் ஞாயிறு என்றால் கோயில், வீடு, குழம்பு. கிரவுண்டு கிடையாது. ஆக, நூறாவதை அன்றைக்கே முடித்தாக வேண்டும். தொண்ணூற்று ஒன்பதோடு நின்றால் கம்பெனியில் தலை காட்ட முடியாது. முக்கியமாக முஸம்மிலிடம். முஸம்மில் கட்டிங் செக்‌ஷன். இவர் செக் பண்ணி அனுப்புகிற தோலை வெட்டுகிறவன். வயதில் சின்னவன், வாய் பெரிது.

"அண்ணே, தொண்ணூத்தொம்போதுல அவுட் ஆனா அதுக்குப் பேரு வேற ஆட்டம்" என்று சனிக்கிழமையே ஓட்டியிருந்தான்.

விரிஞ்சிபுரம் பக்கம் மேட்ச் என்று நம்பிப் போனார். போனால் ரெஃப்ரி மட்டும் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருக்கிறார். ஒரு டீமில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்களாம். பிரியாணியா, பந்தா என்று வந்தால் நம் ஊரில் எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார் மனிதர். பாதி வழியில் மெர்சி போன் பண்ணினாள், வண்டியை ஓரம் கட்டி எடுத்தார்.

"இன்னா, நூறு ஆச்சா?"

"கேன்சல் ஆயிடுச்சி."

"தோத்திரம். சீக்கிரம் வூடு வந்து சேரு."

போனைப் பையில் போட்டு வண்டியைக் கிளப்பும்போதுதான் அந்தச் சத்தம். ஆற்றுப் பக்கமிருந்து... ஒரு விசில். நீளமாக இல்லை. ஆட்டம் தொடங்கப் போகிறது, தயாராகு என்கிற மாதிரி ஒரு சின்ன விசில். நேராக வீட்டுக்குப் போகிறவராக இருந்தால் இந்நேரம் நான் உங்களுக்கு வேறு யார் கதையையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். வண்டியைத் திருப்பினார்.

மண் சாலை ஒரு பூட்டிய தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடுகிற இடத்தின், பின்பக்கம் போய் முடிந்தது. கூரை இல்லை, சுவர் மட்டும். சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு கிரவுண்டு. இரண்டு டீமும் நின்றுகொண்டிருக்கின்றன. சுவர் மேல் ஒரு ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஊற வைத்த தோல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சுண்ணாம்பும் மயிரும் கலந்து வருமே, அந்த வாடை. பூட்டிப் பல வருடம் ஆன இடத்தில் அது எப்படி என்று அவர் யோசித்திருக்க வேண்டும். அவரோ நோட்டை எடுத்து 'நூறு' என்று எழுதிக் கோடு போட்டார்.

கோட்டு ஓரத்தில் முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பெரியவர், கையில் லைன் கொடியோடு.

"வெளியூரா?"

"ஆமாங்க. ஆம்பூரு."

"அப்பாடா" என்று கொடியை நீட்டினார்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. நம் பக்கத்து லீக்குகளில் அது வழக்கம்தான். உள்ளூர்க்காரன் ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கினால் மண்டை உடையும். அதனால் வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர் யாராவது மாட்டினால் அவர் கையில் கொடியைத் திணித்துவிடுவார்கள். கடைசி விசில் வரை அவர் அதைக் கீழே வைக்கக்கூடாது. இருதயராஜ் இருபது கிரவுண்டிலாவது கொடி பிடித்திருப்பார். அதில் அவருக்குப் பெருமை வேறு. வலது கையில் வாங்கிக்கொண்டார். பெரியவர் போய்ச் சுவர் மேல் ஏறி உட்கார்ந்தார். ஏறினதை இவர் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்திருந்தார்.

விசில். ஆட்டம் தொடங்கியது.

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... ஏதோ சரியில்லை. என்ன என்று பிடிபடவில்லை. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். பிறகுதான் உறைத்தது. யாருமே கத்தவில்லை. லோக்கல் மேட்ச் என்றால் 'பாஸ் குட்றா', 'ஓட்றா', அப்புறம் அம்மாவை அக்காவை எல்லாம் இழுப்பார்கள். இங்கே மூச்சு வாங்குகிற சத்தம் கூட இல்லை. பந்து மட்டும்... சளக். சளக். ஈரத் தோலை மேஜையில் அடித்தால் வருகிற சத்தம். அவருக்கா தெரியாது? அந்தப் பந்தின் தோல் பதம் பண்ணாதது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஐந்தரை. ஆறு. லோக்கல் லீக்கில் பாதிக்கு இருபத்தைந்து நிமிடம்தான், ஆனால் பாதி ஆட்டத்து விசில் வரவில்லை. ஆறே கால். கடைசி விசிலும் வரவில்லை. பையில் போன் உதறிக்கொண்டே இருந்தது, மெர்சிதான். எடுக்கக் கை இல்லை, ஒரு கையில் கொடி, இன்னொரு கையில் நோட்டு. போய்விடலாமா என்று கால் பரபரத்தது. போனால் நூறு போயிற்று. இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்... இன்னும் ஐந்து நிமிடம்...

கொசு கூட இல்லை, கவனியுங்கள். பாலாற்றங்கரையில், மாலை ஆறு மணிக்கு மேல்.

சுவர்ப் பக்கம் கண்ணைத் திருப்பினார். ஐம்பது பேரும் அப்படியே இருந்தார்கள். பந்து இந்தக் கோடிக்குப் போகிறது, அந்தக் கோடிக்குப் போகிறது. ஒரு தலை கூட அதோடு திரும்பவில்லை. எல்லாரும் இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சும்மா நிற்கும் விரல் சும்மா இருக்குமா? வலது கை விரல்கள் தன்பாட்டுக்குக் கொடியைத் தடவத் தொடங்கின. துணி இல்லை அது, தோல். மெல்லிசு. மாடா? இல்லை. எருமையா? சேச்சே. வெள்ளாடா, செம்மறியா? ரெண்டும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் விரல் முதல்முறையாகத் தெரியாது என்றது. தடவிக்கொண்டே போனதில் ஒரு இடம் தட்டுப்பட்டது. வட்டமாக, சுருங்கின மாதிரி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு.

குறை.

மூளை யோசிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. நோட்டைக் கக்கத்தில் இடுக்கினார், பேனாவை எடுத்தார், வட்டம் போட்டார். பக்கத்தில் சரக் சரக்கென்று ஒரு பெருக்கல் குறி. அப்புறம்தான் கண் அதைப் பார்த்தது. அது என்ன தழும்பு என்று புரிந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் வரிசையாக நிற்க வைத்துப் புஜத்தில் ஊசி குத்துவார்களே... அது ஆறினால் வருகிற தழும்பு. அவருடைய இடது புஜத்திலும் ஒன்று இருக்கிறது.

சளக் சத்தம் நின்றது.

நிமிர்ந்தார். பந்து நடுவில் கிடந்தது. இரண்டு டீமும் நின்ற இடத்தில் நின்று இவர் பக்கம் திரும்பியிருந்தன. சுவர் மேல் ஒரு இடம் காலி.

காதுக்குப் பக்கத்தில் அந்தப் பெரியவர் குரல். கோபமே இல்லை. ஸ்டோரில் சரக்குத் தீர்ந்துவிட்டால் கேட்பார்களே, அந்த மாதிரி.

"தேறாதுங்களா?"

பெரியவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

"செரி... அப்ப வேற பாக்கணும்."

இடது புஜத்தில் ஒரு கை. சட்டைக்கு மேலேதான் வைத்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த தோல் மாதிரி ஜில்லென்று, வழவழவென்று... அழுத்தவில்லை. தடவியது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இருதயராஜ் மேஜையில் தோலை எப்படித் தடவுவாரோ அதே மாதிரி.

கொடியைப் போட்டார், நோட்டைப் போட்டார், பேனாவைப் போட்டார். ஓடினார். வண்டி ஒரே உதையில் கிளம்பிவிட்டது, அதுவே அதிசயம். நெடுஞ்சாலையில் ஏறி லாரி விளக்கு முகத்தில் அடித்த பிறகுதான் அழுகை வந்ததாம்.

வீட்டுக்கு வந்தபோது ஏழரை. மெர்சி வாசலிலேயே நின்றாள்.

"இன்னாய்யா, போன் எடுக்க மாட்டியா? நூறு ஆச்சா?"

"கடைசி விசில் அடிக்கல" என்றார்.

உடம்பெல்லாம் தோல் ஷாப்பு நாற்றம். சட்டையைக் கழற்ற வைத்து, பாத்ரூமில் உட்கார வைத்து, வெந்நீர் ஊற்றினாள் மெர்சி. இடது கையில் சோப்புப் போடும்போது பார்த்தாள். ஊசித் தழும்பைச் சுற்றி ஒரு வட்டம். பளபளவென்று சில்வர் மை. பக்கத்தில் ஒரு டிக்.

"கையிலயே எழுதிகினு வந்துட்டியா? ஆப்பம் போயி இப்ப இதுவா?"

தேய்த்தாள். அந்த மை எச்சில் தொட்டாலே அழியும். இது சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவர் நொட்டாங்கைக்காரர். நொட்டாங்கையில் பேனா பிடிப்பவர் நொட்டாங்கை மேலேயே எப்படி எழுதுவார்? அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து முஸம்மிலுக்குப் போன் போட்டாள். அங்கே டிவி சத்தம், பிள்ளைகள் சத்தம்.

"சொல்லுங்க அண்ணி. அண்ணன் செஞ்சுரி அட்ச்சிட்டாரா?"

"அத வுடு தம்பி. உங்க கம்பெனில, வட்டம் போட்டு பக்கத்துல டிக் போட்டா இன்னா அர்த்தம்?"

"அதுவா?" முஸம்மில் எதையோ மென்றுகொண்டே சொன்னான். "குறை இருக்குது, ஆனா சரக்கு பாஸுன்னு அர்த்தம். வட்டம் போட்ட எடத்த மட்டும் வுட்டுட்டு மீதி எல்லாத்தயும் வெட்டி எடுத்துக்கலாம்... ஏன் அண்ணி? வூட்டுக்குத் தோல் ஏதாச்சும் வந்திருக்குதா?"