வந்தவருக்கு வார்த்த தண்ணீர்

உப்புக்காற்றிலும் உள்ளம் உவர்க்காத இந்த அவையின் தலைவர் ஐயா சகாயராஜ் அவர்களே! உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் ஓயாத குரல், அண்ணன் காசிலிங்கம் அவர்களே! பெருமுக்கல்லில் இருந்தும் பெரிய முதலியார்சாவடியில் இருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! உப்புப் பாத்தியில் இருந்து ஏறிய காலோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் ஆற்றுக்காக வழக்காடும் வக்கீல் நடராசனின் வணக்கம்.

யாருப்பா அங்கே விசில்? வேண்டாம் தம்பி. நான் தோற்ற கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். கைதட்டலும் வேண்டாம்.

ஆறு யாருக்குச் சொந்தம்? பிறந்த மலைக்கா? தடுத்த அணைக்கா? கடைசிச் சொட்டுக்குக் காத்துக் கிடக்கும் கடைமடைக்கா? எல்லோருக்கும் சொந்தம் என்பதே நம் வாதம். மேலே உள்ள மாநிலம் நம்மைக் கேட்காமல் அணை மேல் அணையாய்க் கட்டியது. நம் மாநிலம் வழக்குப் போட்டது. கடைமடை மக்கள் சார்பில் நானும் அதில் சேர்ந்துகொண்டேன்.

ஆறு வந்தவரை கடல் அதன் எல்லையில் நின்றது. ஆறு நின்றது, கடல் நிலத்துக்கு அடியில் நுழைந்தது. இன்று நம் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. இதை நீதிமன்றத்தில் சொன்னேன். பாதிப்பை நேரில் பார்த்து வரச் சொல்லி, சித்திரையில் மூன்று அதிகாரிகளை அனுப்பினார்கள்.

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. அவர்கள் வருவதற்கு நாலு நாள் முன்னால் வந்து உங்களிடம் என்ன சொன்னேன்? "பெரிய ஆபீசருங்க வர்றாங்க. மரியாதையா நடந்துக்குங்க." வேறென்ன சொன்னேன்? ஒன்றும் இல்லை.

நீங்கள் மரியாதை செய்தீர்கள். ஐயோ, என்ன மரியாதை! மூன்று நாளாக டெம்போவில் போய்ப் பிடித்து வந்த நல்ல தண்ணீரை வாசலெங்கும் தெளித்தீர்கள். குடங்களைத் துலக்கி, நிரப்பி, வரிசையாக வைத்தீர்கள். எலுமிச்சைச் சாறு கலந்து டம்ளர் டம்ளராக நீட்டினீர்கள். முன்வரிசையில் காலில் கட்டோடு உட்கார்ந்திருக்கிறாரே லூர்துமேரி அக்கா, அவரிடம் அதிகாரி கேட்டார், தண்ணீர்க் கஷ்டம் உண்டா என்று. அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "அதெல்லாம் சமாளிச்சுக்குறோங்க சார். நீங்க குடிங்க."

அதிகாரி குடித்தார். அறிக்கை எழுதினார். 'குடிநீர் தாராளம். மக்களிடம் குறை இல்லை.' எதிர்த்தரப்பு வக்கீல் அதை எழுந்து நின்று வாசித்தார். மெதுவாக வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். இருபது வருஷம் வாயால் பிழைத்தவன் நான். அன்றைக்கு ஃபைலை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

கோபத்தோடு அக்கா வீட்டுக்கு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "வூட்டுக்கு வந்தவங்ககிட்ட தண்ணி இல்லைன்னு எப்படி சார் சொல்றது?"

அப்போதுதான் அவர் காலைப் பார்த்தேன். நாளெல்லாம் உப்புநீரில் நிற்கும் கால், சாயங்காலம் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் வெடிக்கும். அவருக்குச் சர்க்கரை வேறு. அந்த மூன்று நாளும் அவர் கால் கழுவவில்லை. கழுவ வைத்திருந்த தண்ணீரும் அந்த டம்ளர்களில் போய்விட்டது. புண் சீழ் பிடித்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். என் வாய்ச்சொல்லுக்கு அவர் கொடுத்தது அது. என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மன்றாடி மனுப் போட்டோம். வருகிற புதன்கிழமை அதே அதிகாரிகள் மறுபடி வருகிறார்கள். இதுதான் கடைசி வாய்ப்பு. தாய்மார்களே, கோலம் வேண்டாம், குடம் துலக்க வேண்டாம். போரில் வருவதை அப்படியே டம்ளரில் பிடித்துக் கொடுங்கள். நம் உரிமைக்கு அதைவிடப் பெரிய சாட்சி எந்தக் காகிதத்திலும் இல்லை!

என்னம்மா அமுதவல்லி, எழுந்துவிட்டீர்கள்? உப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பது பாவம் இல்லையா என்கிறீர்கள். பாவம்தான் அம்மா. அந்தப் பாவத்தை நாம் தினமும் நம் பிள்ளைகளுக்குச் செய்துகொண்டிருக்கிறோம். அணை கட்டியவர்கள் செய்ய வைத்தார்கள்.

இருங்கள். லூர்துமேரி அக்கா ஏதோ சொல்கிறார். மைக்கைக் கொடுங்கள்.

"நான் குடுக்கிறேன் சார். ஆனா அந்த ஆபீசரு அதைக் குடிக்கிறப்போ நீங்க யாரும் எம் மூஞ்சியப் பாக்கக் கூடாது."

கேட்டீர்களா? விரல் போனபோது அழாதவர், ஒரு டம்ளர் தண்ணீருக்கு அழுகிறார். இந்த மானத்தை எந்தச் சட்டப் பிரிவில் எழுதுவேன்? எந்த நீதிபதியிடம் காட்டுவேன்? அக்கா, நான் பார்க்க மாட்டேன். தெருமுனையில் முதுகைக் காட்டி நின்றுகொள்கிறேன்.

புதன்கிழமை, காலை பத்து மணி. இவ்வளவு நேரம் தாகத்தோடு உட்கார்ந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் தலை வணங்கி நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.