அல்சூர் ஏரிச் சாலையில் என் தந்தைக்குப் புகட்டப்பட்ட ரோஸ் பானம் குறித்து

என் பெயர் சேஷகிரி, வயது ஐம்பது, தந்தை பெயர் சுந்தரமூர்த்தி. பெங்களூரு காக்ஸ் டவுனில் வசிக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் தேர்வுப் பிரிவுக் கண்காணிப்பாளர். இன்று, 30.05.2025 வெள்ளிக்கிழமை, காலையில் நான் கொடுத்த புகார் தவறானது என்பதையும், அதன் பேரில் இந்நிலையத்தில் உட்காரவைக்கப்பட்டுள்ள குர்தியால் சிங் குற்றமற்றவர் என்பதையும் பதிவு செய்யவே இதைச் சொல்கிறேன். எழுதிக்கொள்பவர் தமிழ் அறிந்த தலைமைக் காவலர் ராஜேந்திரன்.

என் தந்தைக்கு வயது எழுபத்தொன்பது; சர்க்கரை நோயாளி. நான் போட்டுவைத்துள்ள அட்டவணைப்படி இன்று காலை ஏழரைக்கு மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டியிருந்ததால் சிற்றுண்டி கொடுக்கவில்லை. "ஒரு இட்லியாவது தின்னுட்டு வரேன்டா" என்று கேட்டார். விதி விதிதான் என்றேன். மாத்திரைக்கு எதிரே "உணவுக்கு முன்" என்று எழுதியிருந்த நான், அந்த உணவு இன்று வரப்போவதில்லை என்பதை யோசிக்கவில்லை. பரிசோதனைக் கூடத்தில் கூட்டம் இருந்ததால் பத்தேகால் ஆனது. அதன் பிறகு அவரை ஏரிச் சாலை ஓரம் நிற்கச் சொல்லிவிட்டுக் காரை எடுக்கச் சென்றேன்.

திரும்பி வந்தபோது, அங்கே போட்டிருந்த தண்ணீர்ப் பந்தல் அருகே தலைப்பாகை அணிந்த ஒருவர் என் தந்தையை நடைபாதையில் உட்காரவைத்து, தோளில் சாய்த்துக்கொண்டு, இளஞ்சிவப்பு நிறப் பானத்தைப் புகட்டிக்கொண்டிருந்தார். தந்தை வியர்த்து, கை நடுங்கி, கண் செருகியிருந்தார். நான் டம்ளரைத் தட்டிவிட்டு, மயக்க மருந்து கொடுத்துவிட்டான் என்று ஆங்கிலத்திலும் அரைகுறை இந்தியிலும் கத்தினேன். அதற்கு அவர், "சார், நான் இங்க மர்பி டவுன்ல பொறந்தவன், தமிழ்லயே திட்டுங்க. முதல்ல பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் காவல்துறையை அழைத்தேன். அவரை அழைத்துச் சென்றனர். அதன் பிறகே தந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றேன். இந்த வரிசையை மாற்றாமல் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

டாக்டர் அனுஷா பரிசோதித்து, சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கியிருந்ததாகவும், அந்த இனிப்புத் தண்ணீர்தான் அவரைக் காப்பாற்றியதாகவும் சொன்னார். "சாப்பாடு இல்லாம மாத்திரை யார் குடுத்தது?" என்றார். நான் என்றேன். கால் மணி நேரத்தில் தந்தை எழுந்து உட்கார்ந்து, "சர்தார் குடுத்த ரோஸ் பால் பிரமாதம். பாதியில ஏன்டா தட்டிவிட்டே?" என்று கேட்டார். நான் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

அதன் பிறகு தந்தையை வீட்டில் என் மனைவி ரமாவிடம் விட்டுவிட்டு இங்கு வந்தேன். குர்தியால் சிங் முதலில் கேட்டது, "பெரியவர் எப்படி இருக்கார்?" என்பதே. வழியில் போகிறவர்களை நிறுத்தி எதற்காகக் குடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். இன்று சீக்கியர்களின் ஐந்தாம் குருவான அர்ஜன் உயிர்நீத்த நாள் என்றார். அமிர்தசரஸ் பொற்கோயிலைக் கட்டியவர். குருமார் பாடல்களோடு பிற சமயத்து அடியார்களின் பாடல்களையும் ஒரே நூலாகத் தொகுத்தவர். 1606-இல் லாகூரில் மொகலாய அரசு அவரைப் பிடித்துவைத்து, நூலில் சில பாடல்களை மாற்றச் சொன்னது என்றும், மறுத்தவரைக் கோடை வெயிலில் கொதிக்கும் இரும்புத் தட்டில் அமர்த்திச் சுடுமணலைத் தலையில் கொட்டியது என்றும், அவர் யாரையும் சபிக்கவில்லை என்றும், ஐந்தாம் நாள் ராவி ஆற்றில் இறங்கியவர் கரையேறவில்லை என்றும் தம் மரபு சொல்வதாகக் கூறினார். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. "அவருக்குக் குடுத்தது சூடு. அதனால நாங்க குடுக்கிறது குளிர்ச்சி. கொதிக்கவச்சவன் வீட்டு ஆளு வந்தாலும் ஒரு டம்ளர் உண்டு சார்" என்றார்.

இவை யாவும் நான் கண்டதும் கேட்டதும் செய்ததுமே. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினர், சரியாக உள்ளது, எவரும் வற்புறுத்தவில்லை. தவறான புகாருக்கு என் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை ஏற்கிறேன். குர்தியால் சிங்கை உடனே விடுவிக்க வேண்டுகிறேன். கையொப்பமிட்டதும் அவரை என் காரிலேயே அந்தத் தண்ணீர்ப் பந்தலுக்கு அழைத்துச் செல்வேன். காலையில் நான் கத்தியதைக் கேட்டவர்கள் முன்னால், அதே அளவு உரக்க, தமிழில், இவர் செய்தது என்ன, நான் செய்தது என்ன என்று சொல்வேன்.

(ஒப்பம்) சு. சேஷகிரி